எலுமிச்சை ஜூஸுக்கு ஜோடி எது? நான்கு பழங்கள், ஒரு அலசல்

வளைகாப்போ, காதுகுத்தோ, மொட்டை மாடிப் பிறந்தநாளோ, மே மாத விசேஷத்தில் ஜூஸ் அண்டாவின் முதல் டம்ளர் நன்றாகத்தான் இருக்கும். எந்தப் பழத்தைச் சேர்த்தாலும் இருக்கும். பழத்தின் குணம் தெரிவது ஒரு மணி நேரம் கழித்து, இருபதாவது டம்ளரில். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சக்கை, இல்லாவிட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கசப்பு. அந்த இருபதாவது டம்ளரை வைத்துத்தான் தர்பூசணி, பன்னீர் திராட்சை, அன்னாசி, மாம்பழம் நான்கையும் இங்கே எடை போடுகிறோம். அளவுகள் எல்லாம் 5 லிட்டருக்கு. 200 மில்லி டம்ளரில் 25 வரும்.

முதலில் நான்குக்கும் பொதுவானது

கோடையில் எலுமிச்சை விலை ஏறும், சாறு இறங்கும். எலுமிச்சை நகரம் என்று பெயர் வாங்கிய புளியங்குடியிலும் இதே கதைதான். வாங்கும்போது பெரிய பழமா என்று பார்க்காதீர்கள். தோல் மெல்லிசாக, வழவழப்பாக, கையில் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல பழத்தில் 20 முதல் 25 மில்லி சாறு வரும். சொரசொரத் தோல் பழத்தில் 15 மில்லி தேறுவதே கஷ்டம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே பிழியாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, மேடையில் அழுத்தி உருட்டிவிட்டுப் பிழியுங்கள்.

கசப்பு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். விதையோ தோலின் உள்பக்க வெள்ளைப் பகுதியோ நசுங்கினால் ஜூஸ் உடனே கசக்காது. அதில் இருக்கும் ஒரு பொருள் புளிப்பில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்பாக மாறும். கலந்தவர் ருசி பார்த்தபோது சரியாக இருந்த ஜூஸ், விருந்தாளிகள் வந்ததும் கசப்பது இதனால்தான். பழத்தை நறுக்கி அப்படியே மிக்ஸியில் அடிப்பது, பிழிந்த மூடியை இன்னொரு தடவை முறுக்குவது, இரண்டுமே வேண்டாம்.

சர்க்கரையை நேராகக் கொட்டாதீர்கள். ஐஸ் தண்ணீரில் அது கரையாமல் அடியில் தங்கும். குழாய் வைத்த கேனில் முதல் பத்துப் பேருக்குப் பாயசம், கடைசிப் பத்துப் பேருக்குப் புளித்தண்ணீர். ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, ஒரு கொதி வந்ததும் அழுக்கு நுரையை எடுத்துவிட்டு இறக்குங்கள். கம்பிப் பதம் தேவையில்லை. சுமார் 1.6 லிட்டர் பாகு கிடைக்கும். 100 மில்லியில் 60 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் சர்க்கரை. கீழே பாகு என்று சொல்வதெல்லாம் இதுதான், நன்றாக ஆறியது. 5 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பும் உண்டு. உப்புக் கரிக்கத் தேவையில்லை, கசப்பை அமுக்கினால் போதும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது.

தர்பூசணி: அரை மணி நேர ராஜா

மலிவு, வேலை குறைவு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துப் பழம் சாலையோரமெல்லாம் குவிந்து கிடக்கும் காலம் வேறு. நாலரைக் கிலோ பழம் எடுத்தால் தோல், விதை போக சுமார் இரண்டரை லிட்டர் சாறு வரும். அதோடு எலுமிச்சைச் சாறு 400 மில்லி, பாகு 520 மில்லி, தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். தர்பூசணியில் புளிப்பே கிடையாது என்று சொல்லலாம். அதனால்தான் எலுமிச்சை இங்கே முழு அளவு.

சிக்கல் நிறத்தில் இருக்கிறது. அந்தச் சிவப்பு தண்ணீரில் கரைகிற நிறம் இல்லை. சக்கைத் துகளோடு ஒட்டியே இருக்கும். இருபது நிமிடம் ஆடாமல் இருந்தால் சக்கை இறங்கி, சிவப்பும் கூடவே இறங்கி, மேலே சாயம் போன தண்ணீர் நிற்கும். சரி, மல் துணியில் வடிகட்டிவிடலாம் என்றால் நிறமும் துணியிலேயே தங்கிவிடும். டீ வடிகட்டி அளவுக்குக் கண்ணுள்ள சல்லடை போதும். ஊற்றும்போதெல்லாம் கரண்டியால் அடிவரை கலக்க ஒரு ஆளும் வேண்டும். குழாய் வைத்த கேனுக்கு இது சரிப்படாது.

மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். தொடர்ந்து ஓட்டினால் கறுப்பு விதை உடைந்து மண் வாசம் அடிக்கும். கொதிக்கவைத்து முன்கூட்டியே எடுத்துவைக்கலாமா என்றால், கூடாது. வெந்த தர்பூசணியில் பூசணிக்காய் வாசம் வரும். பந்திக்கு அரை மணி நேரம் முன்னால் அடிப்பதுதான் ஒரே வழி. இதில் ஒரு நல்ல தந்திரம் உண்டு: சாற்றில் ஒரு லிட்டரை முந்தின நாளே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால், கட்டி உருகினாலும் ஜூஸ் நீர்க்காது. தர்பூசணி அன்று காலையில்தான் வரும் என்றால் இந்த வசதி இல்லை.

பன்னீர் திராட்சை: நின்று விளையாடுவது

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வருடம் முழுக்க அறுவடை நடப்பதால் மே மாதத்திலும் பழம் கிடைக்கும். கொட்டை இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டுப் பச்சைத் திராட்சை வாங்குகிறவர்கள் உண்டு. அதில் நிறமும் இல்லை, எலுமிச்சையைத் தாண்டி வரும் மணமும் இல்லை.

ஒரு கிலோ திராட்சையைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, 750 மில்லி தண்ணீருடன் மிதமான தீயில் வையுங்கள். எட்டு முதல் பத்து நிமிடத்தில் தோல் வெடித்து நிறம் இறங்கும். கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாக அழுத்தி வடிகட்டுங்கள். மத்தும் மிக்ஸியும் பக்கத்தில் வரக் கூடாது. கொட்டை உடைந்தால் துவர்ப்பு இறங்கும், அதைச் சர்க்கரையால் மறைக்க முடியாது. சுமார் ஒன்றேகால் லிட்டர் கிடைக்கும். முழுக்க ஆறட்டும். சூட்டில் எலுமிச்சையைச் சேர்த்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும்.

ஆறிய சாறு ஊதாவும் பழுப்புமாக, கொஞ்சம் அழுது வடிவது போல இருக்கும். அதில் எலுமிச்சைச் சாறு 320 மில்லியை ஊற்றும்போது பாருங்கள்: கரண்டி போகிற வழியெல்லாம் செம்பருத்திச் சிவப்பாகத் திரும்பும். திராட்சைத் தோலின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மை உள்ள போர் தண்ணீரில் நீலம் பாரிக்கும். ஆகவே எலுமிச்சை முதலில், தண்ணீர் பிறகு. போர் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு நிறம் ஏன் மங்கியது என்று தேடுவது வீண். பாகு 640 மில்லி, தண்ணீர் இரண்டே முக்கால் லிட்டர்.

தர்பூசணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அங்கே நிறம் மிதக்கிறது, இங்கே கரைந்திருக்கிறது. மூன்று மணி நேரம் கேனில் நின்றாலும் முதல் டம்ளரும் கடைசி டம்ளரும் ஒன்றுபோல இருக்கும். திராட்சைச் சாற்றை முந்தின நாளே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், விசேஷ நாள் காலையில் வேலை பத்து நிமிடம்தான். குறை என்றால் கறை. வெள்ளை வேட்டிக்காரர் பக்கம் தட்டை நீட்டும்போது கவனம்.

அன்னாசி: மணத்தில் முதலிடம், வேலையிலும்

நான்கில் எலுமிச்சையோடு மணத்தில் நன்றாக இழைவது அன்னாசிதான். ஆனால் பச்சையாக அடித்து ஊற்றினால் இரண்டு தொல்லை. ஒன்று நுரை, அண்டாவில் மூன்று விரல் உயரத்துக்கு நிற்கும். இன்னொன்று நாக்கு அரிப்பு. அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும், நாக்கையும் விட்டுவைக்காது. இரண்டு டம்ளர் குடித்த குழந்தை வாய் எரிகிறது என்று சொன்னால் காரணம் எலுமிச்சை இல்லை.

தீர்வு கொதி. கேரளத்து வாழக்குளம் பழம் போல மணமானது இரண்டு எடுத்து, கண்ணும் தண்டும் நீக்கி, ஒன்றேகால் கிலோ துண்டை அரை லிட்டர் தண்ணீருடன் அடித்து வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நொதி செத்துவிடும், நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். லேசாக ஜாம் வாசம் ஏறும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அன்னாசிக்கே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை 300 மில்லி போதும். பாகு 640, தண்ணீர் 2.6 லிட்டர். முந்தின நாள் செய்து வைக்கலாம். நிறம் வெளிறித்தான் இருக்கும். கண்ணுக்கு வேண்டுமானால் கையளவு திராட்சையைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள், செயற்கை மஞ்சள் வேண்டாம்.

மாம்பழம்: விட்டுவிடலாம்

பழுத்த மாம்பழத்தின் முன்னால் எலுமிச்சை இருக்கும் இடம் தெரியாது. கூழ் அடியில் இறங்கும், நார் டம்ளர் விளிம்பில் ஒட்டும், பிரியாணிக்குப் பிறகு வயிறு கனக்கும். பங்கனபள்ளியில் நார்த் தொல்லை குறையும், மற்றவை அப்படியே. மாங்காய் என்றால் அதன் புளிப்பே போதும், எலுமிச்சை எதற்கு? பழம் வாங்கவே நேரமில்லை என்கிறவர்கள் நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்துவிடலாம். மாம்பழ லெமனுக்கு அது எவ்வளவோ மேல்.

ஆக, ஐம்பது பேர் வந்து போகிற விசேஷத்துக்குப் பன்னீர் திராட்சை. பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து உடனே குடிப்பதென்றால் தர்பூசணி. அடுப்படியில் கை கொடுக்க ஆள் இருந்தால் அன்னாசி.

சோடா, புதினா, ஐஸ்

தண்ணீருக்குப் பதில் சோடா ஊற்ற ஆசைப்பட்டால் திராட்சையில் மட்டும் செய்யுங்கள், அதுவும் டம்ளரில். சக்கை மிதக்கிற தர்பூசணியில் சோடா பட்டால் ஒவ்வொரு துகளும் குமிழியைக் கிளப்பிப் பொங்கி வழியும். புதினாவை அரைத்துக் கலக்காதீர்கள். புளிப்பில் பச்சை நிறம் செத்துப் பாசி நிறமாகிவிடும். முழு இலையைக் கையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும். சப்ஜா விதையை வெறும் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஊற்றும்போது சேருங்கள்.

மேலே சொன்ன தண்ணீரில் ஒரு லிட்டரைக் குறைத்து அதற்கு ஒரு கிலோ ஐஸ் போட்டால் கணக்குச் சரியாக வரும். ஐஸ் குடிநீரில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். மீன் பெட்டிக்குப் போகிற பார் ஐஸை உடைத்து அண்டாவில் போட வேண்டாம். அதுதான் கைவசம் இருக்கிறதென்றால், பெரிய அண்டாவில் அந்த ஐஸைக் கொட்டி, ஜூஸ் பாத்திரத்தை மூடி அதன் நடுவில் இறக்கி வையுங்கள்.