ஒசாகா புன்ராக்குக்குப் போனா வலது பக்க சீட் எடுங்க

ஒசாகா நிப்பொன்பாஷில இருக்கற தேசிய புன்ராக்கு தியேட்டருக்குப் போயிட்டு வந்தேன், புன்ராக்குன்னா ஜப்பானோட பாரம்பரிய பொம்மலாட்டம். பொம்மைங்களைப் பாக்கத்தான் டிக்கெட் எடுத்தேன், ஆனா பாதி நேரம் என் கண்ணு மேடைக்கு வலது பக்கத்துலயேதான் இருந்துச்சு. அங்க தனியா ஒரு சின்ன மேடை, நடுவுல சுழல்தட்டு, அது சுத்தினதும் பாடறவரும் ஷாமிசென்ங்கற தந்தி வாத்தியம் வாசிக்கறவரும் உக்காந்தபடியே வந்து சேர்றாங்க. பாடறவரை தாயூன்னு சொல்வாங்க. புத்தகத்தை ரெண்டு கையாலயும் தூக்கி நெத்திக்கு நேரா வச்சு வணங்கிட்டுத்தான் ஆரம்பிக்கறார், அதுலயே மனசு இளகிடுச்சு எனக்கு.

நான் பாத்த நாடகம் சொனெசாகி ஷின்ஜூ. நிஜமா நடந்த ஒரு காதல் தற்கொலையை வச்சு நாடகாசிரியர் சிக்காமாட்சு எழுதி 1703ல மேடையேறினது. சோயா சாஸ் கடையில வேலை பாக்கற தொகுபெய், தாசி ஓஹாட்சு. அவன் திண்ணைக்கு அடியில ஒளிஞ்சிருக்கான், மேல வில்லன் உக்காந்து அவனைக் கேவலமா பேசிட்டிருக்கான், ஓஹாட்சு யாருக்கும் தெரியாம காலை கீழ நீட்டி 'சாகத் துணிஞ்சியா'ன்னு கேக்கறா, அவன் அந்தப் பாதத்தை எடுத்து தன் கழுத்துல தடவி பதில் சொல்றான். பொதுவா பொம்பளை பொம்மைக்குக் காலே வைக்க மாட்டாங்க, இந்த சீனுக்காகவே வைக்கறாங்க. இதுல வில்லன், அவ, கதை சொல்றவர்னு அத்தனை குரலும் ஒரே ஆள்! நம்ம கதாகாலட்சேபம் கேட்டு வளந்தவங்களுக்கு இது சட்டுனு ஒட்டிக்கும்.

ஷாமிசென் மூணே தந்திதான், ஆனா இங்க வாசிக்கறது கழுத்து தடிச்ச வகை, தந்தியை மீட்டற கட்டையை ஓங்கி இழுக்கும்போது தந்தியோட சேத்து வாத்தியத்தோட தோல் மேலயும் அடி விழுது, அதனால மத்தளம் மாதிரியும் அதிருது. பாட்டுக்குப் பின்னாடி ஓடற பக்கவாத்தியம்னு நினைச்சுப் போகாதீங்க, ஒரே ஒரு அடி அடிச்சுட்டு நிறுத்துவார் பாருங்க, அந்த நிசப்தத்துலதான் ஓஹாட்சு முடிவெடுக்கறான்னு நமக்குப் புரியும். தாயூக்கு மூச்சு அடிவயித்துலேந்து வரணும்னு கிமோனோவுக்குள்ள மணலும் பயறும் போட்ட சின்னப் பையை வச்சுக்கறாங்க.

இந்தப் பாடற பாணிக்கு கிதாயூன்னு பேர் வந்ததே 1684ல பக்கத்து தோதொன்போரில அரங்கம் ஆரம்பிச்ச தாகெமோதோ கிதாயூவாலதான், நடந்தே போய் அந்தத் தெருவையும் பாத்துடலாம்.

கதை தெரியாதவங்க இயர்போன் கைடு எடுத்துக்கோங்க, ஆனா கதை பிடிபட்டதும் கழட்டி வச்சுடுங்க ப்ளீஸ், அந்தக் குரலை நேரா காதால கேக்கணும். கடைசியில காட்டுக்கு நடந்து போற சீன்ல நிறைய தாயூ, நிறைய ஷாமிசென் வரிசையா உக்காந்து சேந்து பாடறாங்க, கேக்க பிரமாதம். ஆனா எனக்கு அந்தத் திண்ணை சீன்தான், அதுக்காகவே வலது பக்கம் முன்வரிசைல இன்னொரு தடவை உக்காருவேன்.