நோவா ஹூட்டா பார்க்க இந்த வேன் சுற்றுலாவில் மட்டும் ஏறாதீர்கள்

போலந்தின் கிராக்கோவ் நகரச் சதுக்கத்தில், அந்த நகரின் இரும்பாலைத் தொழிலாளர் பகுதியான நோவா ஹூட்டாவைச் சுற்றிக் காட்டுவதாகப் பலகை வைத்துக்கொண்டு ஆள் பிடிக்கிறார்கள். பலகையில் கம்யூனிஸ்ட் காலத்துப் பழைய டிராபன்ட் கார் படம். "இரும்பாலைக்கு உள்ளே, பூமிக்கடியில் பதுங்கு அறை, எல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்லி, ஆளுக்கு 200 ஸ்லோட்டி முன்பணமாக வாங்கினார்கள். ரசீது கேட்டால், "முடிந்ததும் தருகிறோம்."

வந்தது ஒரு சாதாரண வேன். ஐந்து அகலச் சாலைகள் விசிறியாய்ப் பிரியும் நோவா ஹூட்டாவின் மத்திய சதுக்கத்தை, இறங்கவே விடாமல் ஒரு சுற்று சுற்றினார் ஓட்டுநர். அப்புறம் இரும்பாலை வாசல். இன்று லீவு என்றார். வாசல் காவலரை நானே கேட்டேன். இது தனியார் ஆலை, இப்படி வருகிறவர்களை என்றைக்குமே உள்ளே விடுவதில்லை என்றார். பதுங்கு அறை பழைய ஷ்வியாத்தோவித் தியேட்டருக்குக் கீழே, அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு டிக்கெட் நாமே வாங்க வேண்டுமாம்! மிச்ச நேரமெல்லாம் ஒரு பரிசுப்பொருள் கடையில் போனது.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வேறு. 1949-இல் தொழிலாளர்களுக்கென்று கட்டத் தொடங்கிய ஊர் இது. தேவாலயமே வேண்டாம் என்று கம்யூனிஸ்ட் அரசு திட்டமிட்டது. 1960-இல் அரசு ஒரு சிலுவையை அகற்ற வந்தபோது மக்கள் தெருவில் இறங்கிப் போலீசோடு மோதினார்கள். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு எழுந்த அர்க்கா பானா தேவாலயத்தை 1977-இல் திறந்து வைத்தவர் கரோல் வொய்த்திவா. அடுத்த வருடமே போப் ஆனவர். அந்தத் தேவாலயத்தைத் தாண்டும்போது ஓட்டுநர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் டிராமில் தனியாகப் போனேன். தேவாலயச் சுவர் முழுக்கக் கூழாங்கற்கள், நாடெங்கிலும் இருந்து மக்கள் அனுப்பியவை. ஒன்றுபோல் ஒன்று இல்லை. கை வைத்துப் பார்த்தால் சில வழவழப்பு, சில சொரசொரப்பு. குடியிருப்புகளின் வளைவு வாசலைத் தாண்டினால் மரநிழல், துணி காயும் பால்கனிகள், பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும் பாட்டிகள். வேனில் இருந்து இதெல்லாம் தெரியாது.

கிராக்கோவ் ரயில் நிலையத்துப் பக்கமிருந்து நோவா ஹூட்டாவின் மத்திய சதுக்கத்துக்கு நேரடி டிராம் இருக்கிறது. ஏறியதும் டிக்கெட்டை மெஷினில் முத்திரை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அபராதம். வழிகாட்டி வேண்டுமென்றால், எங்கே இறங்குவோம், எந்த டிக்கெட் சேர்த்தி என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். எனக்கு ரசீதும் வரவில்லை, பணம் கேட்டு அனுப்பிய மெயிலுக்குப் பதிலும் இல்லை.