ஸ்ட்ரெய்ட்னரா, காற்றுப் பிரஷா? நுனி முடி சொன்ன பதில்

"அக்கா, இந்தச் சூட்டுக் கருவிகள் எல்லாம் வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால் எதை வாங்குவது?" என்று என் தங்கை போன வாரம் கேட்டாள். இரண்டு வரியில் பதில் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் பேசிவிட்டேன். என் இழுப்பறையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சூடான காற்றை ஊதிக்கொண்டே சீவிவிடும் உருளைப் பிரஷ் வாங்கி ஒன்றரை வருடம். கடைகளில் அதை ஹாட் ஏர் பிரஷ் என்பார்கள். நான் காற்றுப் பிரஷ் என்றே சொல்கிறேன். முதல் இரண்டரை வருடம் ஸ்ட்ரெய்ட்னரே கதி என்று இருந்தேன். இப்போது அதை மாதம் ஒருமுறை தொட்டால் அதிகம். தலைக்குக் குளிக்கும் நாளெல்லாம் கை தானாகக் காற்றுப் பிரஷைத்தான் தேடுகிறது. நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். கோடு போட்டாற்போல நேரான முடி வேண்டுமென்றால் ஸ்ட்ரெய்ட்னருக்கு இணை இல்லை. சிறியது, சத்தமில்லாதது, பயணப் பையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். காற்றுப் பிரஷ் பருமனானது, நன்றாக இரையும். முடியைப் படிய வைத்து, வேர்ப்பகுதியைச் சற்றுத் தூக்கி, அடர்த்தியாகக் காட்டுவதே அதன் வேலை. கண்ணாடி போன்ற நேர்த்தியை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இரண்டின் வேலையும் சீக்கிரமே கலைந்துவிடும்.

கலைவதற்குக் காரணம் முடியின் அமைப்பிலேயே இருக்கிறது. முடி என்பது கேரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டாலும் விட்டுவிடும், சூடு பட்டாலும் விட்டுவிடும். பிறகு உலர்ந்து ஆறும்போது, அந்த நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை நனைந்தால் பழைய வடிவம் திரும்பிவிடும். எந்தக் கருவியானாலும் நடப்பது இதுதான். ஆனால் ஒரு கருவி காய்ந்த முடியைப் பிடிக்கிறது, இன்னொன்று ஈர முடியைப் பிடிக்கிறது. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு வேறுபாடு.

ஸ்ட்ரெய்ட்னரின் தகடுகள் பொதுவாக 120 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். முடியை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பதால் அந்தச் சூடு அப்படியே முடிக்குள் இறங்கும். அதனால்தான் முடி முழுவதும் காய்ந்த பிறகே அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். காற்றுப் பிரஷின் கணக்கு வேறு. முடியில் ஈரம் இருக்கும் வரை ஊதுகிற காற்றின் சூட்டை அந்த ஈரம் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்ளும். ஈரத் துணியைச் சூடான காற்றில் பிடித்தால் துணி உடனே சுடுவதில்லை அல்லவா, அதே கதைதான். முடி காயும் வரை அதன் சூடு 100 டிகிரிக்கு வெகு கீழேயே இருக்கும். காய்ந்த பிறகும் அதே இடத்தில் பிரஷைப் பிடித்திருந்தால்தான் சூடு ஏறத் தொடங்கும். எனவே காய்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இதை மட்டும் கடைப்பிடித்தால் தகடு தருகிற சூட்டைவிட மிகக் குறைந்த சூடே முடிக்குப் போகும்.

ஈர முடியில் தகட்டை வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு காலை அவசரம். மேல்முடி காய்ந்திருந்தது, பிடரிப் பக்கம் உள்முடியில் ஈரம் இருந்தது. தகட்டை மூடி இழுத்தவுடன் 'சுர்' என்று ஒரு சத்தம், மெல்லிய ஆவி, கருகலின் சாயலோடு ஒரு வாடை. ஆவிதானே என்று மறுபடியும் இழுத்தேன். உண்மையில் நடந்தது வேறு. முடித்தண்டுக்குள் இருக்கும் நீர் கொதித்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழ்களாக விரியும். தோல் மருத்துவத்தில் இதைக் குமிழ் முடி என்றே குறிப்பிடுகிறார்கள். குமிழ் விட்ட இடத்தில் முடி பஞ்சு போலாகி ஒடிந்துவிடும். சில வாரங்கள் கழித்து, கறுப்புத் துண்டைத் தோளில் போட்டுச் சீவியபோது அரை விரல் நீளத் துணுக்குகள் அதன்மேல் விழுந்து கிடந்தன. எதிலும் வேர் இல்லை. உதிர்ந்த முடியானால் ஒரு முனையில் வெள்ளைக் குமிழ் போல வேர் தெரியும். இவை எல்லாம் நடுவில் ஒடிந்தவை.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. என் முடி அப்போது 45 சென்டிமீட்டர். அப்படியானால் நுனியில் இருக்கும் முடிக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. நான் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கிய நாள் முதல் அந்த நுனி எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது. வாரம் மூன்று முறை என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 150 தடவை. ஒவ்வொரு முறையும் ஒரே கற்றையை மூன்று தரமாவது இழுப்பேன். இரண்டரை வருடத்தில் அந்த நுனியின்மேல் ஆயிரம் தடவைக்கு மேல் தகடு ஓடியிருக்கிறது. தோலில் சூடு பட்டால் புதுத் தோல் வரும். முடித்தண்டு உயிரற்றது, தன்னைச் சரிசெய்துகொள்ளாது. கண்டிஷனர் வழவழப்பைத் தரும், ஒடிந்ததை ஒட்டாது. வெட்டிவிட்டு வளரும் வரை காத்திருப்பதுதான் வழி. பத்து சென்டிமீட்டர் வெட்டினால் எட்டு முதல் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். நான் வெட்டியது பன்னிரண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்ட்ரெய்ட்னரே வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள், அதில் தவறில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது சூட்டின் அளவைக் காட்டும் எண். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மார்செல் க்ராதோ என்ற சிகையலங்காரக் கலைஞர் சூடான இடுக்கியால் முடியில் அலைகளை உருவாக்கிப் புகழ்பெற்றார். அந்தக் காலத்து இடுக்கிகளில் வெப்பமானி ஏது? காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள்; காகிதம் கருகினால் ஆறவிட்ட பிறகே தலைக்குக் கொண்டுபோவார்கள். எண் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற ஸ்ட்ரெய்ட்னரை வாங்கினால் நாமும் அதே நிலையில்தான் இருப்போம். மெல்லிய முடிக்கும், சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரிக்குள். நடுத்தர முடிக்கு 180 வரை. தடித்த முடிக்கு அதற்குச் சற்று மேல். முடி முழுவதும் காய்ந்திருந்தாலும் 200 டிகிரியைத் தாண்டத் தேவையே இல்லை. குறைந்த சூட்டில் பலமுறை இழுப்பதைவிடப் போதுமான சூட்டில் மெல்லிய கற்றையாக எடுத்து ஒரே முறை இழுப்பது நல்லது. சூட்டைத் தடுக்கும் ஸ்ப்ரே பயன்படுத்துங்கள். ஆனால் அது சூடு ஏறும் வேகத்தைக் குறைக்குமே தவிர முழுவதும் தடுக்காது. தடவினால் அதுவும் காய்ந்த பிறகே தகட்டை வைக்க வேண்டும். தகடு செராமிக்கா டைட்டானியமா என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான். ஆனால் பூச்சு உரிந்த தகடு முடியைப் பிடித்து இழுக்கும். அந்த நிலைக்கு வந்ததை மாற்றிவிடுங்கள்.

காற்றுப் பிரஷிலும் குறைகள் உண்டு. நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். சொட்டச் சொட்ட ஈரத்தில் பிரஷைப் போட்டு இழுத்தால் சூடு செய்யாத கெடுதலை இழுப்பே செய்துவிடும். துண்டால் ஒற்றி, முக்கால் பங்கு தானாகக் காயவிட்டு, பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்த பிறகே நான் அதை எடுக்கிறேன். காற்று உள்ளே போகும் வலையில் முடியும் தூசியும் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிய பிறகு, பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே சூடு தேங்கிக் கருவி நடுவில் தானாக நின்றுவிடும், எனக்கு ஒருமுறை நின்றது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். பல ஸ்ட்ரெய்ட்னர்கள் 110 வோல்ட்டிலும் 230 வோல்ட்டிலும் வேலை செய்யும். காற்றுப் பிரஷ்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றில் மட்டும்தான்.

கடையில் ஒரு குழப்பம் வரும். சூடான பற்கள் கொண்ட, காற்றே ஊதாத சீப்புப் பிரஷ் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அது ஸ்ட்ரெய்ட்னரின் உறவு; காய்ந்த முடிக்கு மட்டுமே. பெட்டியில் வாட் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். காற்று ஊதுவது 800, 1000 வாட் என்று இருக்கும். ஊதாதது அதில் ஒரு சிறு பங்குதான் எடுக்கும். பிரஷ் தலையில் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த டைசன் ஏர்ராப் போன்ற விலை உயர்ந்தவையும் காற்றையே நம்பி இயங்குபவைதான். அதை நான் கையில் எடுத்துப் பயன்படுத்தியதில்லை, எனவே இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. என் முடி இலேசான அலை கொண்டது. இறுகச் சுருண்ட முடி உள்ளவர்கள் என் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், அதே வகை முடி உள்ள ஒருவரிடமும் கேளுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா என்ற தங்கையின் முதல் கேள்விக்கு வருகிறேன். முடியை எப்போதும் பின்னிக்கொள்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. வீட்டில் சாதாரண ஹேர் டிரையர் இருந்தால், ஓர் உருளைப் பிரஷோடு அது காற்றுப் பிரஷ் செய்கிற வேலையையே செய்யும். இரண்டு கையும் ஒத்துழைக்க வேண்டும், பிடரிப் பக்கம் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். கற்றையைப் பிரஷில் சுற்றி, காய்ந்ததும் குளிர்காற்றுக்கு மாற்றி, பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு மெதுவாக உருவ வேண்டும். ஆறும் அந்தப் பத்து நொடியில்தான் வடிவம் நிற்கிறது. நானும் பல நாள் அதைத் தவறவிட்டுக் கருவியைக் குறை சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் டிரையர் இருக்கிறது. ஒரு மாதம் அப்படிச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கை வலிக்கிறது, ஆனால் முடி பிடித்திருக்கிறது என்றால் காற்றுப் பிரஷ் வாங்கலாம். இரண்டாவது நாளே டிரையரை எடுத்து வைத்துவிட்டால் எதையும் வாங்க வேண்டாம். நேரான முடி வேண்டும் என்று ஆசைப்படுகிற விழா நாட்களுக்கு என் ஸ்ட்ரெய்ட்னரை எடுத்துக்கொள்ளட்டும். 160 டிகிரியில், உள்முடி காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகு.