திருகோணமலையில் காணிப் பதிவேடு தேடுதல்: சேவை மதிப்பீடு

திருகோணமலையில் வளவு வாங்குவதற்கு முன்னும் உறுதியை வங்கியில் ஈடு வைப்பதற்கு முன்னும் போய்ப் பார்க்க வேண்டிய இடம் காணிப் பதிவகம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. அங்குள்ள தேடுதல் சேவையைப் பற்றி எமது கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனியாருக்குரிய உறுதிக் காணிக்கு இதைவிட நல்ல சான்று வேறெங்கும் கிடையாது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணிக்கு இது பாதிதான். துறைமுகம், கடற்கரை, காடு, தொல்லியல் என்று வர்த்தமானியில் ஏறிய காணிக்கு இதை மட்டும் நம்பி முற்பணம் கொடுக்கக் கூடாது.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி இங்கே பதியப்படுவது உறுதிதான், உரித்து அல்ல. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. பிழையான உறுதி பதிவேட்டில் ஏறியதால் சரியாகிவிடாது. ஆனால் பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதிக்கு ஆபத்து அதிகம். அதே காணியைப் பிறகு ஒருவர் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், 7ஆம் பிரிவின்படி அவருடைய உறுதியே முன்னுரிமை பெறும். மோசடியோ கூட்டுச்சதியோ இருந்ததென்று காட்டினால்தான் அந்த முன்னுரிமை இல்லாமல் போகும். நன்கொடை உறுதியில் பெறுமதி கைமாறுவதில்லை என்பதால் நன்கொடையாகப் பெற்றவருக்கு இந்த முன்னுரிமை கிடைக்காது. உறுதி எழுதிய கையோடு பதிய வேண்டும் என்று நொத்தாரிசுமார் அவசரப்படுத்துவது இதனால்தான்.

ஆளின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் வேலை நடக்காது, காணியை வைத்துத்தான் தேட வேண்டும். உறுதியின் பிரதியொன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெளிவாக வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு அட்டவணையைப் பாருங்கள். காணியின் பெயர், கிராமம், நான்கு எல்லைகள், விஸ்தீரணம், நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும், துண்டு இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். அட்டவணையின் முடிவிலோ பதிவு முத்திரையிலோ ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் காணப்படும். அவைதான் தொகுதியும் பக்கமும். பேச்சில் போலியோ (folio) என்பது இதைத்தான். தேடுதல் விண்ணப்பத்தில் அதை எழுதிக் கட்டணம் கட்டினால் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் சான்றுப்படுத்திய பிரதி வேண்டும் என்பதால், பார்ப்பதற்கும் பிரதி எடுப்பதற்கும் ஒரே நாளில் விண்ணப்பிப்பது நல்லது.

பக்கத்தின் தலைப்பில் காணியின் விபரம் இருக்கும். அதன் கீழே கொடுத்தவர், பெற்றவர், ஆவணத்தின் தன்மை, உறுதி இலக்கமும் திகதியும், நொத்தாரிசு, குறிப்புகள் என்று நிரல்கள் ஓடும். பெரும்பாலானோர் கடைசி வரியில் விற்பவரின் பெயரைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆபத்து அந்த வரிக்கு மேலேதான் கிடக்கிறது. ஈட்டு உறுதி பதிந்திருந்தால் அதற்குரிய ஈட்டு மீட்சியும் கீழே எங்காவது பதிந்திருக்க வேண்டும். கடனைக் கட்டி முடித்தும் மீட்சியைப் பதியாமல் விட்ட காணி, பதிவேட்டின்படி இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது. வழக்கு நிலுவை அறிவித்தலோ பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி) கைப்பற்றல் அறிவித்தலோ இருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டுச் சட்டத்தரணியிடம் போங்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கும் காணியில் பங்கு வாங்கியவர், அந்த வழக்கின் தீர்ப்புக்கும் சேர்த்துக் கட்டுப்படுகிறார்.

பக்கம் நிரம்பினால் பதிவு வேறொரு தொகுதிக்குப் போகும். காணியைத் துண்டு பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் புதுப் பக்கம் திறக்கும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துத் தாய்க் காணி வரைக்கும் பின்னோக்கிப் போக வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பெரிய தென்னந்தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றால், துண்டின் பக்கம் வெறும் மூன்று வரிகளோடு சுத்தமாக நிற்கும். ஈடும் பிரிபடாத பங்கும் தாய்ப் பக்கத்தில் இருக்கலாம். 30 ஆண்டு வரலாறு பார்ப்பது வழக்கம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணி என்றால் அதற்கும் பின்னால் போவதே நல்லது.

இன்னொரு கோளாறு, நொத்தாரிசு பழைய பக்கத்தைக் குறிக்காமல் விட்டு உறுதி தொடர்பில்லாத புதுப் பக்கத்தில் பதியப்படுவது. சரியான பக்கத்தில் ஏறாத பதிவு, சட்டம் தரும் முன்னுரிமையைத் தராது. தொடர்ச்சிக் குறிப்பு எதுவும் இல்லாமல் திடீரென ஓர் உறுதியோடு தொடங்கும் பக்கத்தைக் கண்டால், காணியின் பெயரையும் எல்லைகளையும் வைத்து வேறு பக்கம் உண்டா என்று மறுபடி தேடக் கேளுங்கள். கட்டணம் இரண்டாம் முறை போகும். பரவாயில்லை.

மூல உறுதி தொலைந்தவர்களுக்கு இந்தச் சேவை உண்மையிலேயே கைகொடுக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி மாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மூலம் உரிமையாளரிடம் போகும், நொத்தாரிசுக்குரிய பிரதி அவருடைய கோவையில் இருக்கும், இரட்டைப் பிரதி பதிவகத்துக்கு வரும். வீடு எரிந்தாலும் கடல் கொண்டுபோனாலும் அந்த இரட்டைப் பிரதியிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். எடுத்த பிரதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சியை வாசியுங்கள். பணம் அவர் முன்னிலையில் கைமாறியதா, எந்த வரியில் திருத்தம் செய்யப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். உறுதியில் திருத்தம் இருந்து அத்தாட்சியில் அது குறிக்கப்படாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஒப்பக் காணிக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தின் பேரேடு பிரதேச செயலகத்தில் இருக்கிறது. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உண்டு. நகரக் காணிக்குப் ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரிவு, மற்றவற்றுக்கு மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி என்று காணி எந்தப் பிரிவிலோ அந்தச் செயலகத்துக்கே போக வேண்டும். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனாலும் அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். அளிப்புப் பத்திரமாக மாறிய காணி பதிவகத்திலும் பதிவாகியிருக்கும். பின்னுரித்தாளர் நியமனத்தை இரண்டு விதக் காணிக்கும் கவனியுங்கள். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே அது பதியப்பட்டிருக்க வேண்டும். அப்பா சொல்லிவிட்டுப் போனார் என்பது பேரேட்டில் ஏறாது. ஒப்பக் காணியைச் சாதாரண அறுதி உறுதி எழுதி விற்க முடியாது. அப்படி யாராவது உறுதி காட்டினால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிம் சவிய திட்டத்தில் உரித்துச் சான்றிதழ் பெற்ற காணி மூன்றாவது வகை. அங்கே அரசு உரித்தையே பதிகிறது. பழைய போலியோவைக் காட்டி அதை மறுக்க முடியாது. கைமாற்றத்துக்கு அந்தச் சட்டத்தின் படிவங்களே செல்லும். சான்றிதழ் முதலாம் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பு, ஆட்சியை வைத்துத் தரப்படுவது.

எந்தப் பதிவேடும் சொல்லாத விடயங்களும் உண்டு. காணியில் யார் இருக்கிறார்கள் என்பது போலியோவில் வராது. ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 10 ஆண்டு தடையில்லாத ஆட்சிக்கு உரிமை தருகிறது. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தக் குறுகிய காலமே கொடுக்கப்பட்டது. ஆகவே கிராம உத்தியோகத்தரிடமும் அயலவர்களிடமும் கேட்டு, நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள். பழைய உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் இருக்கும், புதிய படத்தில் ஹெக்டயர் இருக்கும். 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், அதாவது 272.25 சதுர அடி. ஆகவே 10 பேர்ச் 0.0253 ஹெக்டயர். உறுதியும் படமும் ஓரிரு பேர்ச் முரண்பட்டால் அளவைப் பிழையாக இருக்கலாம். றூட் கணக்கில் முரண்பட்டால் பாதையோ ஒதுக்கீடோ உள்ளே விழுந்திருக்கலாம்.

வர்த்தமானியை இந்த மாவட்டத்தில் தவறவே விடக்கூடாது. திருகோணமலை முத்துநகரின் காணிப் பிணக்குக்கு வேர் இதுதான்: மக்கள் வயல் செய்த காணி, ஆவணத்தில் துறைமுக அதிகாரசபையின் பேரில் நிற்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் உறுதி சுத்தமாக இருந்தாலும் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அரச அச்சகத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகளை இலவசமாக எடுக்கலாம். வீதிக்கோட்டுச் சான்றிதழும் சோலைவரி நிலுவைச் சிட்டையும் உள்ளூராட்சி மன்றத்தில் எடுங்கள். சோலைவரிச் சிட்டையில் பெயர் இருப்பதால் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

ஒரு திணைக்களம் எழுத்தில் பதில் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேள்வியை ஒப்ப இலக்கம், படம் இலக்கம், துண்டு இலக்கத்தோடு ஒரே வரியில் கேட்டால் பதிலும் நேராக வரும்.

வெளிநாட்டில் இருப்போருக்கு எமது பரிந்துரை பதிவகத்திலேயே செய்யக்கூடிய இன்னொரு வேலை: ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் எச்சரிக்கைப் பதிவு. உங்கள் காணி மேல் யாராவது ஆவணம் கொண்டுவந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும்.  ஆகவே அறிவித்தல் போகும் விலாசம் திருகோணமலையில் கடிதம் திறந்து வாசிக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டு விலாசத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்த அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிய அதிகாரப் பத்திரம்) இனித் தேவையில்லை என்றால் அதை இரத்துச் செய்து, இரத்தையும் பதியுங்கள். வாங்குபவர்கள் உறுதி எழுதும் நாளன்று காலையில் போலியோவை இன்னொரு தரம் பாருங்கள். முன்பு எடுத்த பிரதியில், அதற்குப் பின் ஏறிய வரி இருக்காது.