41 பல்லைக் காட்டி, பழைய விகிதத்தையே மாட்டிக் கொடுத்தார்கள்

பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியலின் (இன்ஜின் பலத்தை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) கியர் விகிதத்தை மாற்ற நினைப்பவர்கள் வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். மாற்றாத கியரை மாற்றியதாகச் சொல்லி என்னிடம் முழுப் பணமும் வாங்கினார்கள். போதாததற்கு, நல்ல நிலையில் இருந்த என் டிஃபரன்ஷியல் யூனிட்டை எடுத்துக்கொண்டு, எங்கோ கழற்றிப்போட்ட ஒன்றுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டி அனுப்பினார்கள். பட்டறையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியும்.

என் வண்டி பின்சக்கரங்களால் ஓடுவது. டயரை 29 அங்குலத்திலிருந்து 32-க்கு மாற்றியதும் இழுவை படுத்துவிட்டது. ஐந்தாவது கியர் பெயருக்குத்தான் இருந்தது, லேசான மேட்டில்கூட நான்குக்கு இறக்க வேண்டும். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். அதே வேகத்தில் இன்ஜின் குறைவாகச் சுற்றும், அதன் பலம் கிடைக்கும் இடத்துக்கு வரவே வராது. பின்னால் இருந்த விகிதம் 3.73. அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 3.73-ஐ 32-ஆல் பெருக்கி 29-ஆல் வகுத்தால் 4.1-க்குச் சற்று மேலே வருகிறது. அதற்கு ஏற்றது 4.10. பேச்சும் தெளிவாகத்தான் நடந்தது: என் யூனிட்டையே பிரித்து 4.10 கிரவுன் பினியன் செட் (ஷாஃப்ட்டோடு சுற்றும் சிறிய பினியன் பல்சக்கரமும், அது சுற்றிவிடும் பெரிய கிரவுன் பல்சக்கரமும்) புதிதாகப் போடுவது, பேரிங், சீல் எல்லாம் புதிது.

வேலை முடிகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, மேசையில் இருந்த யூனிட்டைக் காட்டினார்கள். கிரவுன் வீலின் ஓரத்தில் 41 என்று பொறித்திருந்தது. "பாருங்க சார், 41 பல்லு. அதான் 4.10" என்றார் மெக்கானிக். இந்த இடத்தைக் கவனியுங்கள். 4.10 விகிதத்தில் கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல். 41-ஐப் பத்தால் வகுத்தால் 4.10, சரி. ஆனால் 3.73 விகிதத்திலும் பல செட்களில் கிரவுனுக்கு அதே 41 பல்தான், பினியனில் மட்டும் 11. 41-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.73 வரும். பினியனின் தலை கிரவுனுக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற பல்லை மட்டும் எண்ணிக் காட்டினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தெரிந்தே பொறுக்கி எடுத்த ஏமாற்று இது.

வண்டி வெளியே வந்ததிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். ஆக்சிலரேட்டரை விட்டால் சத்தத்தின் சுதி மாறும், போகாது. இழுவையும் கூடவில்லை. திரும்பக் கொண்டுபோனதற்கு, "புது கியர் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடப் படிஞ்சிடும்" என்றார்கள். கிரவுனும் பினியனும் சரியாக உட்கார்ந்திருந்தால் புது செட் முதல் நாளிலிருந்தே ஏறக்குறைய சத்தமில்லாமல் ஓட வேண்டும். ஊளையிடும் கியர் படியாது, தேயும்.

அப்புறம் ஒரு வேலை செய்தார்கள். என்னை உட்காரவைத்து ஓட்டிப்போய், டாக்கோமீட்டரையும் ஸ்பீடோமீட்டரையும் காட்டி, "இந்த ஸ்பீடுக்கு இந்த ஆர்பிஎம், கரெக்டா இருக்கு பாருங்க" என்றார்கள். இது எதற்கும் சாட்சி ஆகாது. என் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து கணக்கெடுக்கிறது. டிஃபரன்ஷியல் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே பின்னால் எந்த விகிதத்தைப் போட்டாலும் அந்த இரண்டு முள்ளுக்கும் நடுவே உள்ள உறவு மாறவே மாறாது. மாறுவது மீட்டருக்கும் உண்மையான வேகத்துக்கும் உள்ள உறவுதான். பெரிய டயர் போட்டதிலிருந்து, மீட்டர் 60 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 65 பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. 4.10 உண்மையிலேயே ஏறியிருந்தால் அது 59-க்கு வந்திருக்க வேண்டும். போன் அதே 65-ஐத்தான் காட்டியது. சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

சக்கரத்தில் சென்சார் வைத்த வண்டிகளில் இந்தக் கணக்கு வேறு. அங்கே டாப் கியரில் ஒரே வேகத்தில் ஆர்பிஎம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். 3.73-இலிருந்து 4.10-க்கு போனால் பத்து சதவீதம் கூட வேண்டும். 2500 இருந்த இடத்தில் 2750 பக்கம் வர வேண்டும்.

போனை நம்பாதவர்களுக்கு, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கையாலேயே பார்க்கும் வழி உண்டு. சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், இங்கே இரண்டு சுற்று என்பது இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றியதற்குச் சமம். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் உங்கள் விகிதம். 4.10 என்றால் நான்கு சுற்று முடிந்து கோடு கொஞ்சம் தாண்டி நிற்கும். என் வண்டியில் நான்கை எட்டவே இல்லை, மூன்றே முக்காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல விடாத) வகை டிஃபரன்ஷியலானால் ஒரு சக்கரத்தை மட்டும் இப்படிச் சுற்ற முடியாது. இரண்டையும் தூக்கி, சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

வேறொரு பட்டறையில் பிரித்தோம். வடித்த கியர் ஆயில் வெள்ளிப்பொடி கரைத்ததுபோல் மினுங்கியது. அந்த மெக்கானிக் கிரவுன் ஓரத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் அழுத்தித் துடைத்தார். 41-க்குப் பக்கத்திலேயே 11 இருந்தது. கிரீஸ் அந்த இடத்தில் மட்டும் அவ்வளவு கனமாக இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதோடு முடியவில்லை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டுச் சேர்க்கப்படும் ஜோடி, இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். இதில் இரண்டு எண்ணும் வேறு வேறு. இரண்டு பழைய வண்டிகளிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள், ஊளைக்கு அதுவே போதும். பினியன் பேரிங்குகளில் குழி விழுந்திருந்தது. பினியன் பேரிங் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும், ஒருமுறை நசுங்கினால் தூக்கிப்போட வேண்டிய ஸ்லீவைத் திரும்பவும் போட்டு நட்டை முறுக்கியிருந்தார்கள். என் யூனிட்டின் ஃபிளாஞ்ச் விளிம்பில் பழைய உளித் தழும்பு ஒன்று உண்டு. இதில் அது இல்லை.

முதல் பட்டறையில் போய்க் கேட்டபோது, பழைய யூனிட் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் இருந்தது "டிஃபரன்ஷியல் வேலை" என்ற இரண்டு சொல் மட்டும். விகிதம் இல்லை, பல் கணக்கு இல்லை, பார்ட் நம்பர் இல்லை. "4.10-னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார் முதலாளி. பணம் திரும்பவில்லை, யூனிட்டும் திரும்பவில்லை.

ஆகவே பில்லில் இரண்டு பல் எண்ணிக்கையும் எழுதச் சொல்லுங்கள்: 41/10 என்று, பார்ட் நம்பரோடு. யூனிட்டை விடும் முன் அதில் உங்கள் அடையாளம் ஒன்றைப் பஞ்ச் கருவியால் குத்திப் போட்டோ எடுத்துவையுங்கள். கழற்றிய பழைய கிரவுன், பினியன், பேரிங், ஸ்லீவ் எல்லாம் கையில் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூடும் முன் ஜோடி எண்ணையும், பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிய தடத்தையும் கேட்டுப் பாருங்கள். தடம் பல்லின் ஓரங்களில் ஒதுங்காமல் நடுவாக விழ வேண்டும். டயல் கேஜ் வைத்து பிளே (கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளக்கச் சொல்லுங்கள். கார்களில் பெரும்பாலும் 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக்குரிய அளவு மேனுவலில் உண்டு. டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்த அளவைக் கை சொல்லாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் முன் ஆக்சிலிலும் அதே விகிதத்தைப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் முன், பின் ஆக்சில்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறி உடையும்.

இரண்டாவது பட்டறையில் இவை அத்தனையும் நான் கேட்காமலேயே செய்தார்கள். இப்போது மீட்டர் 60 காட்டினால் போன் 59 காட்டுகிறது, பின்னால் சத்தமே இல்லை, ஐந்தாவது கியரில் மேடு ஏறுகிறது. புது செட் என்பதால் முதல் ஓட்டத்தைக் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, முழுதாக ஆறவிடச் சொன்னார்கள். 800 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றவோ இழுக்கவோ கூடாது, அதற்கப்புறம் ஜிஎல்-5 தர கியர் ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். சமீபத்தில் விகிதம் மாற்றி, பில்லில் வெறும் "வேலை" என்று வாங்கி வந்தவர்கள் சாக்பீஸ் கோட்டைப் போட்டு ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். கணக்கு இடித்தால், பட்டறைக்குப் போவதற்கு முன் அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.