நூல் தையலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பசை ஒட்டித் தந்த கடை: 46,000 ரூபாய் போயிற்று

சென்னையில் அச்சும் பைண்டிங்கும் ஒரே இடத்தில் செய்து தரும் கடை ஒன்றில் 46,000 ரூபாயை இழந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பா எழுதிவைத்த ஊர் வரலாற்றுக் குறிப்புகளை 320 பக்க நூலாக 150 படிகள் போட விரும்பினோம். நூலகங்களில் பலர் கைபடும் என்பதால், பெரிய தாள்களை 16 பக்க ஃபாரங்களாக, அதாவது சிறு கட்டுகளாக மடித்து, நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை போட வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருந்தேன். உரிமையாளர் ஒரு மாதிரிப் புத்தகத்தை மேசைமேல் விரித்தார். கையை எடுத்த பிறகும் அது மூடிக்கொள்ளவில்லை. ஃபாரத்தின் நடுவில் ஓடிய வெள்ளை நூலை நகத்தால் நெம்பிக் காட்டி, "உங்க பேரன் காலத்துலயும் ஒரு தாள் கழலாது சார்" என்றார். அந்த நூலை நம்பித்தான் முழுத் தொகையையும் அங்கேயே கொடுத்தேன்.

வந்த புத்தகங்களின் முதுகு உச்சியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு துணிப் பட்டி ஒட்டியிருந்தது. பார்ப்பவர் தைத்த புத்தகம் என்றே நினைப்பார். நடுவில் விரித்ததும் 'படக்'கென்று முதுகு விட்டு, தாள்கள் கற்றையாகக் கையோடு வந்தன. நூலுமில்லை, மடிப்புமில்லை. முதுகைச் சீவி, சூடான பசையைத் தடவி, மேலே கெட்டி அட்டையைப் போர்த்தியிருக்கிறார்கள். சாதாரண நாவலுக்கு இந்த பெர்ஃபெக்ட் பைண்டிங் தாராளமாகப் போதும். ஆனால் நான் பணம் கொடுத்தது தையலுக்கு. வழவழப்பான பூச்சில் பசை சரியாகப் பிடிக்காததால், ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட படங்கள்தாம் முதலில் உதிர்ந்தன. மடிப்பையே சீவிவிட்ட பிறகு ஃபாரமாகத் தைக்கவும் வழியில்லை. பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்தால் உள்ளோர எழுத்துகள் முதுகுக்குள் போய்விடும்.

கேட்டதற்கு முதலில் "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார்கள். பிறகு பேப்பர் சரியில்லை என்றார்கள். அதை வாங்கிப் போட்டதே அவர்கள்தான். பைண்டர் ஊருக்குப் போயிருக்கிறாராம், வந்ததும் பேசுவாராம். இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை. 46,000 ரூபாய்க்குக் கையில் இருப்பது, தையலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத "புக் ஒர்க்" என்ற பில் மட்டுமே.

புத்தகம் போடுகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. "ஃபாரம் தையல்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அட்டை ஏற்றுவதற்கு முன் தைத்த ஃபாரங்களை நேரில் பாருங்கள். உச்சிப் பட்டியை நம்பாதீர்கள். அதை எதன்மேலும் ஒட்டலாம். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது; உதிர்ந்த புத்தகம் ஒன்றையும் அதனுடன் வைக்கிறேன்.