ஏரிக்குப் போக விடுப்பா, விடுமுறையா?

எங்கள் வீட்டில் இதற்கு இன்றும் 'வேட்டைக்குப் போவது' என்றுதான் பெயர். என் தாத்தா பழவேற்காடு ஏரியின் கரையில் நாமக்கோழிக்கும் வாத்துக்கும் கண்ணி வைத்தவர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன்பின் ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயம் ஆனபோது கண்ணிகள் பரணுக்குப் போயின; சொல் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அது, ஆரம்பாக்கத்திற்குக் கிழக்கே உள்ள எங்கள் குப்பத்திற்குப் போய் அண்ணனோடு இறாலும் நண்டும் பிடிப்பதை மட்டுமே குறிக்கும். வேலைக்காகத் திருத்தணிக்குக் குடிவந்த நான், பிள்ளைகள் இருவரையும் முதல் நான்கு ஆண்டுகள் கோடை விடுமுறையிலும், கடந்த மூன்று ஆண்டுகள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டும் அழைத்துப் போயிருக்கிறேன். மகள் இப்போது எட்டாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. நான் விடுப்பின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் ஒரு முறை நன்றாகவே சூடுபட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோடை விடுமுறையின் வசதிகளை விளக்கத் தேவையில்லை. பள்ளியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், பத்து நாள் தங்கலாம், பெரியப்பா பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வெயிலை எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். ஆனால், மே மாதத்தில் அங்கே ஏரி இருப்பதில்லை. இது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் தொலைவில் ஒரு கோடாக மின்னும், அதுவரைக்கும் வெடித்த சேறும் அதன்மேல் வெள்ளையாகப் பூத்த உப்பும்தான். பூநாரைகளில் பெரும்பாலானவை அதற்குள் போயிருக்கும். சூலூர்ப்பேட்டைக்கு அப்பால் நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் மரங்களில் வெறும் சுள்ளிகள்தான் மிஞ்சியிருக்கும். கடலிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நான்கு கோடைகளில் என் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டது, வேப்பமரத்தடியில் பெரியப்பா வலை பொத்துவதை வேடிக்கை பார்ப்பதும் செல்பேசியில் சண்டை போடுவதும்தான். வலை பொத்துவதும் பார்க்க வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை. ஒரு பிற்பகல் அதற்குப் போதும்.

அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அந்த நாட்களில் ஏரியில் தண்ணீர் உண்டு, பறவைகளும் உண்டு. கூடவே சென்னையில் பாதியும் அங்கே வந்து நிற்கும். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அண்ணன் அந்த வாரம் முழுவதும் யாரையும், சொந்தப் பிள்ளைகளைக்கூட, தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார். பொங்கலுக்கு ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. சனி, ஞாயிறு மட்டும் போய்வரலாம் என்றால், ஏரி வாரக் கிழமை பார்ப்பதில்லை. அங்கே எவரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. தலைக்கட்டுக் கணக்கில் பெயர் உள்ளவர்களுக்கு, எந்த நாளில் எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் 'பாடு' முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. இறாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில்தான் வலைக்கு நன்றாக வரும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்த தண்ணீர் முகத்துவாரத்தை அறுத்துத் திறந்து, கடல்நீர் ஏறி இறங்கும் தை மாதத்தில், அண்ணனுடைய பாடும் இருட்டும் சேர்ந்து வருகிற நாட்கள் மூன்றோ நான்கோதான். மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட அவை முழுதாக வாரக் கடைசியில் விழவில்லை. (மழைக்காக ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் நாட்களைச் சிலர் நினைவூட்டுவார்கள். பள்ளிக்குப் போக முடியாத மழையில் ஏரிக்கு மட்டும் எப்படிப் போவது?)

அந்த நாட்களில் என்ன கிடைக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் குடும்பத்து ஆயா ஒருவர் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. என் மகள் பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவரைப் போலவே இரண்டு கைகளையும் சேற்றில் விரித்து வேகவேகமாகத் துழாவினாள். ஆயா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தேடாத கண்ணு, கைய சும்மா வை. அதுவே வந்து ஒரசும், அப்ப அமுக்கு" என்றார். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் தோள் மட்டும் சட்டென்று அசைந்தது. கை மேலே வந்தபோது விரலிடுக்கில் ஒரு வெள்ளை இறால் துள்ளிக்கொண்டிருந்தது. அன்று அவள் பிடித்தது மொத்தம் ஏழு. ஆயாவின் பறி நிறைந்திருந்தது. அதே காலையில் மகன் வலையிலிருந்து கெளுத்தியை அவசரப்பட்டு எடுத்துக் கட்டைவிரலில் முள் வாங்கிக்கொண்டு, சுடுதண்ணீரில் கையை வைத்தபடி மதியம் வரை அழுதான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இனி, விடுப்பு எடுப்பதா வேண்டாமா என்பதை உண்மையில் தீர்மானிக்கும் விஷயத்திற்கு வருகிறேன். அது போகிற நாட்களில் இல்லை, திரும்பி வந்த பிறகான வாரத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாட்களையும் விதிக்கிறது. 220-இல் இரண்டு நாள் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை என்று நானும் முதலில் கணக்குப் போட்டேன். கணக்கு சரி, பயன்தான் இல்லை; பாடங்கள் எல்லா நாட்களிலும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. முதல் ஆண்டு, மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அனுபவம் இல்லாததால் நவம்பரில் ஐந்து நாள் அழைத்துப் போனேன். அந்த ஐந்து நாட்களில்தான் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியிருக்கிறது. திரும்பி வந்ததும் தோழியின் வீட்டிலிருந்து வாட்ஸாப்பில் வந்த படங்களைப் பார்த்து 22 பக்கம் அழகாக எழுதி முடித்தாள். ஏடு முழுமையாக இருந்ததால் ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார், நானும் நிம்மதியடைந்தேன். எழுதியதில் x என்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது அரையாண்டுத் தேர்வில்தான் தெரிந்தது. வழக்கமாக எண்பதுக்கு மேல் வாங்குகிறவள் 51 வாங்கினாள். அதைச் சரிசெய்ய ஜனவரி முழுவதும் மாலை ஒரு மணி நேரம் நானும் அவளும் உட்கார வேண்டியிருந்தது. ஐந்து நாள் பயணத்திற்கு முப்பது மாலைகள் விலை என்றால், அந்த ஆண்டுக்குக் கோடை விடுமுறையே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்த ஆண்டிலிருந்து மூன்று விஷயங்களை மாற்றினோம். வியாழன், வெள்ளி என இரண்டு நாட்களுக்கு மேல் விடுப்பு இல்லை. சனிக்கிழமையோடு ஏரி முடிந்து, ஞாயிறு மதியம் வீட்டில் இருக்க வேண்டும். அரையாண்டு முடிந்து ஆண்டுத் தேர்வு இன்னும் தொலைவில் இருக்கும் தை மாதத்தில் மட்டுமே போவது. நல்ல வேளையாக ஏரிக்கும் அதுவே நல்ல மாதம். இவை இரண்டையும்விட முக்கியமானது, பத்து நாள் முன்னதாக வகுப்பாசிரியரைப் பார்த்து அந்த இரண்டு நாட்களில் என்னென்ன பாடம் நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்வது. வரலாறு, புவியியல், தமிழில் செய்யுள் ஆகியவை தவறிப்போனால் பிள்ளையே படித்துக்கொள்ளும். கணக்கில் ஏற்கெனவே தொடங்கிய பாடத்தின் பயிற்சிக் கணக்குகள் என்றாலும் சமாளிக்கலாம். கணக்கில் புதுப் பாடம் தொடங்குகிறது என்றால், போவதற்கு முந்தைய ஞாயிறன்றே முதல் இரண்டு பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம். திரும்பி வந்து பிடிப்பதைவிட முன்னால் போய் நிற்பது எளிது. ஏடு எழுதுவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். முதலில் புத்தகம், பிறகு இரண்டு கணக்கு, அதன்பிறகே தோழியின் ஏடு. சென்ற இரண்டு ஆண்டுகளும் இந்த வேலை மூன்று, நான்கு மாலைகளுக்குள் முடிந்தது. இந்த மூன்று, நான்கு மாலைகளைத் தர உங்களுக்கு நேரம் இல்லை என்றால், இருவரும் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் வீடு என்றால், விடுப்பு உங்களுக்குச் சரிவராது, கோடைதான்.

விடுப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது என்பது சிறிய விஷயம்தான், என்றாலும் சொல்கிறேன். முதல் முறை எல்லோரையும் போல 'காய்ச்சல்' என்று எழுதினேன். மகன் திங்கட்கிழமையே வகுப்பில் நண்டுக் கதை சொல்லிவிட்டான். பிறகு 'சொந்த ஊருக்குக் குடும்பத்துடன் செல்வதால்' என்று உள்ளதை எழுதுகிறேன். முன்னதாகச் சொன்னால் பாட விவரம் தருவதில் ஆசிரியர்களுக்கு ஒரு சிரமமும் இருப்பதில்லை.

எனக்கு முழுப் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை எழுப்பியது என் அண்ணி. "ஏரிப் பக்கமே போகாதீங்கடா, ஒழுங்காப் பள்ளிக்கூடம் போங்கடான்னு நாங்க எங்க பசங்கள விரட்டுறோம், நீங்க பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு ஏரிக்குக் கூட்டிட்டு வர்றீங்களே கொழுந்தனாரே" என்றார், சோறு போட்டுக்கொண்டே, சிரித்தபடிதான். என் பிள்ளைகள் கரையில் நிற்கும்போது அண்ணன் பிள்ளைகள் சீருடையில் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பேருந்துக்குப் போனதை நானும் பார்த்தேன். என் மகளுக்கு இறால் தடவுவது ஒரு காலை நேர அனுபவம், அந்த ஆயாவுக்கு அன்றைய அரிசி. இதற்கு நான் செய்ய முடிந்தது, பெரிய வலை இழுக்கும் நாளைச் சனிக்கிழமைக்கு ஒட்டி வரும்படி அண்ணனோடு பேசி, நான்கு பிள்ளைகளும் சேர்ந்து போகும்படி பார்த்துக்கொள்வதுதான். கோடை விடுமுறையில் இந்தச் சங்கடம் இல்லை. அதன் பக்கம் உள்ள நியாயங்களில் எனக்கு வலுவாகத் தெரிவது இதுதான்.

நான் சொல்வதெல்லாம் எட்டாம் வகுப்பு வரையிலான அனுபவம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். இரண்டு நாள் அதைத் தொடப்போவதில்லை என்றாலும், அந்த வகுப்புகளில் தை மாதம் என்பது திருப்புதல் தேர்வுகளின் மாதம். அப்போதும் இதே போல எழுதுவேனா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். மகள் ஒன்பதாம் வகுப்பு போகும் அடுத்த ஆண்டு வரைக்கும் திட்டம் இருக்கிறது. அண்ணன் தை அமாவாசைக்கு முந்தைய வியாழக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறார். பாட விவரம் கேட்டுப் பள்ளிக்குப் போக வேண்டியது என் வேலை.